முள் எடுக்கிற பிள்ளை

சூரிச் விமான நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்த செபமாலை அண்ணன், கைப்பெட்டியை வாங்கிக்கொண்டதும் கேட்ட முதல் கேள்வி, "எப்ப கீறத் தொடங்குவீங்கள்?" என்பது. எங்கள் தூத்துக்குடியில் கீறுவது என்றால் பிளேடால் செய்யும் காரியம். நான் விழித்ததைப் பார்த்து அவர் மனைவி ரெஜினா அக்கா சிரித்துவிட்டார்.

"படம் கீறுறதைக் கேக்கிறார், தங்கச்சி. நீங்கள் வரையிறது எண்டு சொல்லுவீங்கள்."

நான் மாதா கோவில்களுக்குப் படம் வரைகிறவள். பீடத்துக்குப் பின்னால் தொங்கவிடும் பெரிய திரைச்சீலைகள்தான் அதிகம். அப்படி ஒரு திரையை யாரோ கைபேசியில் படம் பிடிக்க, அது கைமாறிக் கைமாறி சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஊஸ்டர் வரை வந்துவிட்டது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அகதிகளாக வந்து இங்கேயே தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பங்கள் சுவிஸ்காரர்களின் கோவில் ஒன்றில் தமிழ்ப் பூசை நடத்துகிறார்கள். இந்தப் பெரிய வெள்ளிக்கு அங்கே தொங்கவிட ஒரு திரை வேண்டும். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தியிருக்கும் வியாகுல மாதா. செபமாலை அண்ணனும் ரெஜினா அக்காவும் தங்கள் மகன் நிரோசன் நினைவாக அதைக் கோவிலுக்குக் கொடுக்கிறார்கள். போன வருடம் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது மைதானத்தில் சுருண்டு விழுந்தவன், எழுந்திருக்கவில்லை. இதயத்தில் கோளாறு இருந்தது யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு அவன் ஒரே பிள்ளை.

இதெல்லாம் எனக்குப் புறப்படும் முன்பே தெரியும். அதனால் ஒரு சோக வீட்டுக்குப் போகும் முகத்தோடுதான் போனேன். அங்கே போனால் மேசையில் இடியப்பமும் சொதியும் மூன்று வகை மீனும் இருந்தன. தவக்காலம் என்பதால் அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். ஆனால் அந்த விரதத்தைக் காரணம் காட்டி மீனில் ஒரு கல்யாண விருந்தே நடக்கிறது. "நல்லாச் சாப்பிடுங்கோ, தவக்காலம்தானே" என்று ரெஜினா அக்கா இன்னொரு பொரியல் வைத்தார். நான் கொண்டுபோன தூத்துக்குடி மக்ரூனை அண்ணன் ஒன்று வாயில் போட்டார். அது கரைந்து போனதும் சந்தேகத்தோடு இன்னொன்று போட்டார்.

மறுநாள் வேலை செய்யும் இடத்தைக் காட்டினார்கள். இந்த ஊரில் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே, போர் வந்தால் ஒளிந்துகொள்ள ஒரு கான்கிரீட் அறை இருக்கிறது. ஒரு சாண் தடிமனில் கதவு. சண்டையே போடாத நாட்டில் இது எதற்கு என்று கேட்டேன்.

"ஊரில பங்கருக்குள்ள நாங்கள் பயத்தில இருந்தனாங்கள்," என்றார் அண்ணன். "இஞ்ச வைன் போத்திலும் பனிச்சறுக்குப் பலகையும் இருக்கு."

உண்மைதான். ஒரு பக்கம் யாருடைய ஜாம் புட்டிகளோ வரிசையாக நின்றன. இன்னொரு பக்கம் அண்ணன் எனக்காகச் சட்டம் அடித்து, துணியை முரசு போல இழுத்துக் கட்டி வைத்திருந்தார். அவர் ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வேலை செய்கிறார். ஆணி அடித்த நேர்த்தியைப் பார்த்தால் தச்சுவேலைக்காரர் என்றே நினைப்பீர்கள்.

வீட்டுக்கு ஏறி வந்ததும் ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தார். அகலமான நெற்றி, ஒரு பக்கம் தூக்கிய உதடு. எதையோ செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் நிற்கும் பையன் முகம்.

"இதுதான் நிரோசன். இந்த முகத்தை யேசுவுக்கு வைக்கவேணும்."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. ரெஜினா அக்கா வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் மறுபடி ஓடியது.

அன்று சாயங்காலம் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் என்னைவிடச் சின்னவர், பாதர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். மகனை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு செபமாலை அண்ணன் கோவில் படி மிதித்ததே இல்லையாம். இந்தத் திரைக்காகத்தான் திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"வேண்டாம் எண்டு நான் சொன்னா அவர் வரமாட்டார். ஓம் எண்டு சொன்னா..." பாதர் தலையைச் சொறிந்தார். "ரெஜினா அக்காவை ஆரும் கேட்டனீங்களோ?"

யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை. பாதர் ஒரு துண்டு விளம்பரத்தைத் தந்தார். பிரெஞ்சு பேசும் பக்கத்தில், ஏரிக்கரை ஊர் ஒன்றின் சிறிய அருங்காட்சியகத்தில் இடைக்கால பிரான்சின் கோவில் ஓவியங்களை வைத்திருக்கிறார்கள். முகப்பில் ஒரு வியாகுல மாதா. "கீற முதல் இதை ஒருக்காப் பார்த்திட்டு வாங்கோ. அவையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

இந்த நாட்டு ரயிலைப் பற்றி எல்லோரும் ஒரே புகழாகச் சொல்வார்கள். அது குறித்த நேரத்துக்கு வரும், போகும், எல்லாம் சரி. பாதி வழியில் அது இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அறிவிப்பு வந்த நேரத்தில் ரெஜினா அக்கா புட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிர் இருக்கையில் இருந்த சுவிஸ் அம்மாள், அது என்ன, எப்படிச் செய்வது, மூங்கில் குழலில் ஏன் அவிக்க வேண்டும் என்று கேட்க, அண்ணன் ஜெர்மன் மொழியில் விரிவான பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் வரவேண்டிய லொசான் என்ற பெரிய ஊர் வரவில்லை. திராட்சைக் கொடிதான் வந்தது. இன்னும் கொஞ்சம் திராட்சைக் கொடி வந்தது.

"நாங்கள் வால் பக்கத்தில இருக்கிறம்," என்றார் ரெஜினா அக்கா. "தலை லொசானுக்குப் போட்டுது."

இறங்கிய நிலையத்தில் ஒரு பெஞ்சும் ஒரு கடிகாரமும் மட்டும் இருந்தன. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் ஒரு டீக்கடைக்காரர் எங்கள் சொந்தக் கதை முழுவதையும் கேட்டு முடித்திருப்பார். இங்கே தண்டவாளத்தை ஒட்டிய சரிவில் ஒரு கிழவர் திராட்சைக் கொடிகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அரைகுறை ஆங்கிலத்தில், "வால் பக்கமா?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒரு கூட்டமாவது இப்படி வந்து இறங்குமாம். கொட்டகையிலிருந்து வெள்ளை வைனும் நான்கு சின்னக் கோப்பைகளும் எடுத்து வந்தார்.

அண்ணன் தயங்கினார். "தவக்காலம்..."

"வைன் இறைச்சியோ?" என்று கேட்டுவிட்டு ரெஜினா அக்கா முதல் கோப்பையை எடுத்தார்.

பதிலுக்கு நான் மக்ரூன் பொட்டலத்தை நீட்டினேன். கிழவர் கடித்தார், கண்ணை மூடினார், திறந்தார். "இது எங்கள் மக்ரோன்தான். ஆனால் வெயிலில் வளர்ந்தது" என்றார். கீழே ஏரி பளபளத்தது. அதற்கு அந்தப் பக்கம் பனி போர்த்திய மலை. அதுதான் பிரான்ஸ் என்று கையை நீட்டிக் காட்டினார். வைனும் வெயிலும் சேர்ந்து ரெஜினா அக்காவின் கன்னம் சிவந்துவிட்டது. மகன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், தன் அப்பா யானை வைத்திருப்பதாகச் சொல்லி, அதைப் பார்க்க வகுப்பையே வீட்டுக்குக் கூட்டி வந்த கதையைச் சொன்னார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். காவலுக்கு நின்ற இளைஞனின் கழுத்து வரை பச்சை குத்தியிருந்தது. நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று சொல்லாமலே, கடைசி அறையைக் காட்டினான்.

படம் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஒரு சமையலறை ஜன்னல் அளவுதான் இருக்கும். மரப்பலகையில் தங்கத் தகடு ஒட்டி, அதில் சிறு புள்ளிகள் குத்தி ஒளிவட்டம் செய்திருக்கிறார்கள். மாதாவின் நீல ஆடை காலம் போனதில் கருத்து, கிட்டத்தட்ட இரவு நிறமாகிவிட்டது. இயேசுவின் உடம்பில் தோலுக்கு அடியில் லேசான பச்சை. செத்த உடம்பை நேரில் பார்த்த ஒருவர்தான் அப்படி வரைந்திருக்க முடியும். அந்தக் காலத்து பிரான்சில் கொள்ளைநோயும் போரும் மாறி மாறி வந்திருக்கின்றன. பார்ப்பதற்குக் குறைவிருந்திருக்காது. வரைந்தவர் யார் என்று தெரியவில்லை என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

எங்கள் ஊரில் வியாகுல மாதா வரைந்தால் ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, கண்ணீர் பத்தல, இன்னும் ரெண்டு சொட்டு போடுங்க" என்பார்கள். நானும் முத்து முத்தாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இங்கே ஒரு சொட்டுக்கூட இல்லை. இன்னொன்று பார்த்தேன். அந்தத் தாய் மகனைப் பிடித்துக்கொள்ளவே இல்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியிருக்கிறாள். உடம்பு அவள் மடியில் குறுக்காக, எந்நேரமும் நழுவிவிடும் போலக் கிடக்கிறது. எனக்குக் கை பரபரத்தது. ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அது இத்தனை நூறு வருடமாக விழவில்லை. விசுவாசம் என்று நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லும் வார்த்தைக்கு ஒரு உருவம் உண்டென்றால், அது இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது.

ஓரத்தில் ஒரு கணவனும் மனைவியும் முழங்காலில் நின்றார்கள். அந்த அம்மாள் தலையில் கொம்பு வைத்தது போல ஒரு பெரிய துணிக்கட்டு.

"உவை ஆர்?" என்று அண்ணன் கேட்டார்.

"படத்தைக் கோவிலுக்குக் கொடுத்தவங்க, அண்ணே. கொடுத்தவங்களையும் உள்ளேயே வரைஞ்சுடுவாங்க."

"இஞ்ச தங்கிறதுக்குப் பெர்மிட் எடுக்க வந்த ஆக்கள் மாதிரி எல்லோ நிக்கினம்."

ரெஜினா அக்கா நாங்கள் பேசியதைக் கேட்கவே இல்லை. அவர் படத்துக்கு மிக அருகில் போய்விட்டார். இயேசுவின் தலைமாட்டில் சீடர் அருளப்பர் உட்கார்ந்திருந்தார். தாடி முளைக்காத முகம். இறந்தவரின் தலையை ஒரு கையில் தாங்கி, மறுகையால் முள்முடியின் முட்களைத் தலைமயிரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். வலிக்குமோ என்று பயந்தவர் போல, அவ்வளவு மெதுவாக.

"இவன் என்ன செய்யிறான் பார்த்தீங்களோ?" என்றார் ரெஜினா அக்கா. குரல் மாறியிருந்தது. "முள் எடுக்கிறான்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் அவருக்கு வேலை. நாள் முழுக்கத் துவாயும் விரிப்பும் உதறி மடித்து வீட்டுக்கு வந்தால் தலையெல்லாம் பஞ்சுத் தும்பு. "கதவைத் திறந்த உடனே நிரோசன் வந்து நிப்பான். 'அம்மா, ஆட்டுக்குட்டி மாதிரி வாறீங்கள்' எண்டு சொல்லிச் சொல்லி ஒண்டொண்டா எடுப்பான். சப்பாத்துக் கழட்டக்கூட விடமாட்டான்."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"என்ர பிள்ளையைச் செத்தவனாக் கீறாதேங்கோ," என்றார் ரெஜினா அக்கா. அதை என்னிடம் சொன்னாலும், அண்ணன் கேட்க வேண்டுமென்றுதான் சொன்னார். "அதை நான் ஒருக்காப் பார்த்திட்டன். காணும். வருசா வருசம் பெரிய வெள்ளிக்கு அதை என்ர மடியில தூக்கிப் போடாதேங்கோ."

அவர் சத்தமாகத்தான் சொல்லிவிட்டார். பச்சை குத்திய இளைஞன் வந்தான். அதட்டப் போகிறான் என்று நினைத்தேன். சுவரோரம் இருந்த தன் நாற்காலியைத் தூக்கிவந்து அவருக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான். ரெஜினா அக்கா அதில் உட்கார்ந்தார். அண்ணன் வெளியே போய்விட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது வாசல் படியில் குளிரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் ஏரியில் போன கப்பலைப் பார்த்தோம்.

"அவன்ர பேரை இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்ல, தங்கச்சி," என்றார். "எனக்கு நோகும் எண்டு நினைக்கினம். வேலையிலயும் கேக்கிறேல்ல, கடையிலயும் கேக்கிறேல்ல. நல்ல சனங்கள்தான். நான் வந்தா கதையை மாத்தீடுவினம். அப்பிடி ஒரு பிள்ளை இருந்ததே இல்லை எண்ட மாதிரிப் போச்சு. கோயில்ல அவன்ர முகம் பெரிசாத் தொங்கினா அவையள் பார்க்கத்தானே வேணும்?"

இதைத்தான் அவர் இத்தனை நாளும் கேட்டிருக்கிறார். ஆனால் படம் வரைகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

"அண்ணே, இயேசுவுக்கு அந்த முகத்தை வச்சா எல்லாரும் இயேசுன்னுதான் சொல்வாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிருவாங்க. யார் முகம்னு யாரும் பார்க்க மாட்டாங்க. பேரும் இயேசுவுக்கே போயிரும்."

அவர் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைமாட்டுல ஒரு பையன் உட்கார்ந்திருந்தா, இது யார்னு கிட்ட வந்து பார்ப்பாங்க."

ரெஜினா அக்கா வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது, மற்றபடி தெளிவாக இருந்தார். "யேசு சிலுவையில தொங்கேக்க தன்ர அம்மாவை அருளப்பரிட்டத்தானே குடுத்தவர்," என்றார், ஏதோ பேச்சைத் தொடர்வது போல. "அவருக்குப் பிறகு அந்த மனுசிக்கு இருந்த பிள்ளை இவன்தான்."

திரும்பும்போது நடைமேடையில் இரண்டு முறை விசாரித்து ரயிலின் தலைப் பக்கத்திலேயே ஏறினோம். சூரிச் நெருங்கும்போது அண்ணன் திடீரென்று கேட்டார்:

"அப்ப யேசுவுக்கு ஆர் படுக்கிறது?"

"என்னது?"

"கீற ஒரு ஆள் வேணுமெல்லோ? பார்த்துக் கீற?"

ரெஜினா அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை வயிற்றில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. "நாற்பது நாள் உபவாசம் இருந்தவர் அவர். நீங்கள் நாற்பது நாளும் மீன் சாப்பிட்டனீங்கள்."

"வயித்தை எக்கிப் பிடிக்கிறன்."

பிடித்தார். மறுநாள் பங்கரில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, இடுப்பில் வெள்ளை விரிப்பைச் சுற்றிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் தொங்கவிட்டுப் படுத்தார். நான் கரித்துண்டால் வேகவேகமாக இழுத்துக்கொண்டிருந்தேன். தோள் எலும்பும் சரிந்த கையும் அப்படியே கிடைத்தன. வயிற்றை மட்டும் நான் எக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் சீரான குறட்டை வந்தது. எழுப்ப மனமில்லை. அவர் நன்றாகத் தூங்கிப் பல மாதமாயிற்று என்று ரெஜினா அக்கா சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்தத் தடிமனான கதவு திறந்தது. மூன்றாம் மாடி அம்மாள் ஜாம் எடுக்க வந்திருந்தார். மங்கலான விளக்கில், வெள்ளைத் துணி சுற்றிய ஆண் உடம்பு ஒன்று மேசையில் கிடப்பதைப் பார்த்தார். அவர் போட்ட அலறலில் செபமாலை அண்ணன் எழுந்து உட்கார்ந்து, ஜெர்மன் மொழியில் பணிவாக, "காலை வணக்கம்" என்றார்.

இரண்டாவது அலறல் இன்னும் பெரியது.

விளக்கம் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மக்ரூனும் கொடுத்து அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தினோம். அதன் பிறகு அவர் தினமும் இறங்கி வந்து திரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தார். அருளப்பரின் முகம் பாதி முடிந்திருந்த நாளில் சற்று நேரம் நின்று, "படிக்கட்டில் என் பையைத் தூக்கிக் கொடுப்பானே, அந்தப் பையன்" என்றார். அண்ணன், "ஓம்" என்று தமிழிலேயே பதில் சொன்னார்.

மாதாவுக்கு நான் கண்ணீர் போடவில்லை. கைகளைக் கூப்பியபடி விட்டேன். ஓரத்தில் முழங்காலில் நிற்கும் கணவன் மனைவியும் இல்லை. பெர்மிட்டுக்கு நிற்க மாட்டோம் என்று இருவரும் சேர்ந்து மறுத்துவிட்டார்கள்.

பெரிய வெள்ளி அன்று கோவில் நிரம்பி, பின்னால் ஆட்கள் நின்றார்கள். வேறு ஊர்களில் இருந்தெல்லாம் வந்திருந்தார்கள். செபமாலை அண்ணன் கோட் போட்டு, கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்நேரமும் எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். திரையை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். வயதான பெண்கள் முழங்காலில் விழுந்தார்கள். என் படம் ஒன்றை இத்தனை பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பதை நான் தைரியமாகத் திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. சிலுவையை முத்தமிட, அதாவது முத்தி செய்ய, வரிசை நகர்ந்தது. முத்தி செய்தவர்கள் உடனே திரும்பவில்லை. திரைக்குக் கிட்டப் போனார்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டுக் காதில் ஏதோ சொன்னார்கள். அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வழிபாடு முடிந்து கூட்டம் கலையும்போது நிரோசனோடு பந்து விளையாடிய பையன்கள் நான்கைந்து பேர் திரை முன்னால் கூடினார்கள். அவர்களில் நெட்டையாக இருந்தவன் பெயர் கெவின்.

"டேய், இது நிரோசன் எல்லோ!" என்றான். கோவில் முழுக்கக் கேட்டது.

இன்னொருவன் அவன் விலாவில் இடித்தான். அதற்குள் செபமாலை அண்ணன் கடைசி வரிசையிலிருந்து நடுவழியாக நடந்து வந்துவிட்டார். பையன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"ஓம், நிரோசன்தான்," என்றார் அண்ணன். "வடிவா இருக்கிறானோ?"

கெவின் படத்தை இன்னொரு தடவை பார்த்தான். "வடிவாத்தான் இருக்கு, அங்கிள். ஆனா... இவ்வளவு அமைதியா அவன் ஒருநாளும் இருந்ததில்லை."

அண்ணன் முகத்தில் ஒரு பக்க உதடு தூக்கியது. பையன்களுக்கு அது போதும். ஒருவன், நிரோசன் ரெஃபரியின் விசிலை ஒளித்துவைத்த கதையைத் தொடங்கினான். இன்னொருவன் அது விசில் இல்லை, மஞ்சள் அட்டை என்றான். மூன்றாமவன் இரண்டையும்தான் என்றான். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, தமிழும் சுவிஸ் ஜெர்மனுமாகச் சத்தம் ஏறியது. வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

"சத்தம் போடாதேங்கோ, பெரிய வெள்ளி!" என்று ரெஜினா அக்கா ஓடி வந்தார். வந்தவர் கூட்டத்தை விலக்கி, கெவினின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எந்த மட்ச்? எனக்கு உது தெரியாதே. முதல்ல இருந்து சொல்லு."

அவன் முதலில் இருந்து சொன்னான். கோவிலைப் பூட்ட வேண்டியவர் சாவியோடு வந்து நின்று இருமினார். பாதர் அவரிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். விசில் கதை முடிந்தது. எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். செபமாலை அண்ணன் முன் வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பையன்களைப் பார்த்தார்.

"பிறகு?" என்று கேட்டார்.